♀ ♂ ☿ ♃: ஓர் எறும்புப் பதிவேட்டின் சின்னங்களைச் சீர்செய்த பதிவு

கையில் மூன்று மூலங்கள் இருந்தன. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் தட்டச்சு செய்த எறும்பு மாதிரிப் பதிவேடு ஒன்று. எறும்புகளையும் அவை கூடு கட்டியிருந்த செடிகளையும் வரிசைப்படுத்திய பழைய அச்சுப் பட்டியலின் ஸ்கேன் ஒன்று. அப்புறம், களத்தில் மாதிரி எடுப்பவர்கள் கைபேசியில் அனுப்பிய குறிப்புகள். இந்த மூன்றையும் ஒரே யூனிகோடு (ஒவ்வோர் எழுத்துக்கும் சின்னத்துக்கும் ஓர் எண் தரும் தரநிலை) அட்டவணையாக ஆக்க வேண்டும். இனப் பெயர், தேதி, எண்ணிக்கை எல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் வந்து சேர்ந்தன. ஆணா, பெண்ணா, வேலைக்கார எறும்பா என்று சொல்லும் அந்த ஒற்றைச் சின்னம் இருந்த நெடுவரிசைதான் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது.

பழைய உயிரியல் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுவரும் யாருக்கும் இதே சிக்கல் வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். கீழே வரும் குறியெண்கள் எல்லாம் பதின்ம எண்கள்.

டாஸ் கோப்பு

கோப்பை இன்றைய எடிட்டரில் திறந்தால் பால் (ஆண், பெண்) நெடுவரிசை காலியாகத் தெரிந்தது. சில வரிகள் நடுவில் உடைந்து கிடந்தன. முதல் பார்வைக்குத் தரவு அழிந்துபோன மாதிரிதான் தோன்றும். ஆனால் பைட்டுகளை (கோப்பில் சேமித்திருக்கும் எண்களை) ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தபோது எல்லாமே இருந்தன: ஆண் இருக்க வேண்டிய இடத்தில் 11, பெண் இருக்க வேண்டிய இடத்தில் 12.

காரணம் 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுதி, அதாவது கோட்பேஜ் 437. ஆஸ்கி என்ற அடிப்படை எழுத்துத் தொகுதியில் முதல் 32 இடங்களும் வரி முடிவு, பக்கமுறிவு போன்ற கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியவை. ஐபிஎம் அந்த இடங்களுக்கும் திரையில் காட்டப் படங்களை வைத்தது. 1-இல் சிரித்த முகம், 3 முதல் 6 வரை சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள், 11-இல் ♂, 12-இல் ♀. ஒரே பைட் திரை நினைவகத்துக்குப் போனால் படமாகத் தெரியும். அதையே கட்டளையாக வாசிக்கும் நிரலுக்கோ அச்சு இயந்திரத்துக்கோ அனுப்பினால் 11 செங்குத்துத் தாவல், 12 பக்கமுறிவு. அதாவது ♀ இருக்கிற வரியை அப்படியே அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினால் அந்த இடத்தில் தாள் வெளியே தள்ளப்படும். பதிவேட்டின் சில பகுதிகளில் சின்னங்களுக்குப் பதிலாக வெறும் ஆங்கில எழுத்துகள் இருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்கார எறும்புக்கு அந்தத் தொகுதியில் சின்னமே கிடையாது. அதற்கும் ஓர் எழுத்துதான்.

பைத்தான் நிரல்மொழியில் இந்தக் கோப்பை கோட்பேஜ் 437 என்று சொல்லியே திறந்தாலும் ♂, ♀ கிடைக்காது. அந்த மாற்று அட்டவணை 11, 12 இரண்டையும் கட்டுப்பாட்டுக் குறிகளாகவே வைத்துக்கொள்கிறது. படங்களுக்கான ஐபிஎம் வரைகுறி அட்டவணை தனியாக இருக்கிறது. சரி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மேலே போனால் இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. முதலாவது, உரையை வரிகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்லைன்ஸ். உரைச் சரங்களில் அது 11-ஐயும் 12-ஐயும் வரி முடிவாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பதிவு இரண்டு துண்டாகும். எண்ணிக்கை ஒரு வரியிலும் இனப் பெயர் அடுத்த வரியிலும் போய் விழும். இரண்டாவது, ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப். அதற்கு 11, 12 இரண்டுமே வெற்றிடம்தான். வரியின் கடைசியில் சின்னம் இருந்தால் சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

ஆகவே கோப்பை உரையாகத் திறக்காமல் பைட்டுகளாகவே வாசித்தேன். பைட் சரங்களில் அதே ஸ்பிளிட்லைன்ஸ் 10, 13 இரண்டை மட்டுமே வரி முடிவாகப் பார்க்கும். வரிகளைப் பிரித்த பிறகு, பால் நெடுவரிசை இருக்கும் இடத்தில் மட்டும் 11-ஐ 9794 ஆகவும் (♂), 12-ஐ 9792 ஆகவும் (♀) மாற்றினேன்.

இடத்தைப் பார்த்து மாற்றியதற்குக் காரணம் உண்டு. பதிவேட்டில் உண்மையான பக்கமுறிவுகளும் இருந்தன. ஒவ்வொரு பக்கத் தலைப்புக்கும் முன்னால் ஒரு 12. கண்ணை மூடிக்கொண்டு எல்லா 12-ஐயும் ♀ ஆக்கியிருந்தால் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் ஒரு பெண் எறும்பு வந்து உட்கார்ந்திருக்கும். நல்ல வேளையாக நெடுவரிசைகள் நிலையான அகலம் கொண்டவை. வரியின் முதல் பைட் 12 என்றால் பக்கமுறிவு. எண்ணிக்கைக்கு அடுத்த இடத்தில் 12 என்றால் ♀. இரண்டிலும் சேராதவற்றைத் தனிக் கோப்பில் கொட்டிக் கண்ணால் பார்த்தேன்.

ஐபிஎம் வரைகுறி அட்டவணையை மொத்தமாகப் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். கூடாது. அந்த அட்டவணையில் 13-க்கு ♪, 10-க்கு ◙. எல்லா வரி முடிவுகளும் இசைக்குறியாகிவிடும். டாஸ் கோப்பின் முடிவைக் காட்டும் 26 வலப்பக்க அம்பாகிவிடும். தேவையான இரண்டு பைட்டுகளை மட்டும், தேவையான இடத்தில் மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு.

முடித்ததும் புதிய கோப்பை அதே விதிகளால் திரும்பப் பழைய பைட்டுகளாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பைட்கூட வேறுபடக் கூடாது. வேறுபட்டால் எங்கோ ஏதோ தொலைந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை இல்லாமல் எந்தப் பழைய கோப்பையும் மாற்றியதாகச் சொல்ல மாட்டேன்.

அச்சுப் பட்டியல்

அச்சிலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளுக்கு இந்தச் சின்னங்கள் பழக்கமில்லை. ♀ பெரும்பாலும் 9 ஆனது. ♂ சில இடங்களில் 6, சில இடங்களில் ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. ☿ பல இடங்களில் 8. இவை எழுத்துப்பிழையாக வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். எண்ணாக வந்ததால் கண்ணில் படவில்லை. “3 ♀, 2 ♂” என்ற பதிவு “39, 26” என்று வந்து நிற்கும்போது அது பிழை என்று எந்த நிரலும் சொல்லாது.

இங்கே கைகொடுத்தது அச்சிட்டவரின் ஒழுங்கு. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் மொத்த எண்ணிக்கை இருந்தது. பிரித்த எண்களின் கூட்டல் மொத்தத்தோடு பொருந்தாத வரிகளை எல்லாம் ஒதுக்கி, ஸ்கேன் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். தானாகத் திருத்தும் விதி எதையும் எழுதவில்லை. உண்மையிலேயே 39 வேலைக்கார எறும்புகள் பிடிபட்ட வரிகளும் அதே பட்டியலில் உண்டு.

இன்னொன்று: ♂♂, ♀♀ என்று இரட்டையாக அச்சிட்ட இடங்கள். விலங்கு வகைப்பாட்டு எழுத்தில் இது பன்மை, அவ்வளவுதான்: “பல ஆண்கள்”, “பல பெண்கள்”. யூனிகோட்டில் ⚢ (9890), ⚣ (9891) என்று இரட்டைச் சின்னங்கள் தனியாக உண்டு. வடிவ ஒற்றுமையை நம்பி அவற்றைப் போட்டால் பொருளே மாறிவிடும்; அவை மனிதர்களின் ஒருபால் ஈர்ப்பைக் குறிக்க 2005-இல், யூனிகோடு 4.1-இல் சேர்ந்தவை. ஆகவே இரட்டையை இரண்டு தனி எழுத்துகளாகவே வைத்தேன்.

ஒரே சின்னம், வெவ்வேறு வழக்கு

இந்த வேலையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். எறும்புப் பக்கங்களையும் செடிப் பக்கங்களையும் தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாக இருந்தது. ஒன்றாகச் சேர்த்த உடனே செடிப் பகுதியில் “ஆண்” என்ற வார்த்தை எதிர்பாராத இடங்களில் வர ஆரம்பித்தது. ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் இருக்கிற செடிக்கு “ஆண்” என்று எப்படி வரும்?

விடை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் இருக்கிறது. 1753-இல் அவர் வெளியிட்ட ஸ்பீசிஸ் பிளாண்டாரம் நூலில் செடியின் ஆயுளைக் கோள் சின்னங்களால் குறித்தார். ☉ என்றால் ஓராண்டுச் செடி. ♂ என்றால் ஈராண்டுச் செடி. ♃ பல்லாண்டுச் செடி. ♄ மரத்தண்டு உள்ளது. வானியலோடு சேர்த்துப் பார்த்தால் அழகாகப் பொருந்தும். செவ்வாய் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், வியாழனுக்குப் பன்னிரண்டு, சனிக்கு ஏறத்தாழ முப்பது. அதே லின்னேயஸ்தான் ♂, ♀ இரண்டையும் ஆண், பெண் என்ற பொருளில் உயிரியலுக்குள் கொண்டுவந்தவர். 1751-இன் கலப்புச் செடிகள் பற்றிய ஆய்வுரையில் அந்தப் பயன்பாடு இருக்கிறது. இருபால் பூவுக்கு அவர் புதனின் ☿-ஐ எடுத்துக்கொண்டார். ஆக, ஒரே மனிதரின் கையிலேயே ♂ ஒரு பக்கத்தில் ஆண், இன்னொரு பக்கத்தில் ஈராண்டு.

நான் வைத்திருந்த பட்டியலின் செடிப் பகுதி அந்த ஆயுள் வழக்கைப் பின்பற்றியது. எறும்புப் பகுதி எறும்பியலாளர்களின் வழக்கைப் பின்பற்றியது. அதில் ♀ இராணி, ♂ ஆண், ☿ வேலைக்கார எறும்பு, ♃ சிப்பாய் எறும்பு. இப்போது ♃ என்ற ஒரே எழுத்து, 9795, ஒரு பக்கத்தில் சிப்பாய், அடுத்த பக்கத்தில் பல்லாண்டுச் செடி. ☿ பூவில் இருபால். எறும்பில் இனப்பெருக்கம் செய்யாத பெண். இரசவாதத்தில் அதுவே பாதரசம். ♀ செம்பு, ♂ இரும்பு, ♃ வெள்ளீயம், ♄ ஈயம் என்று அந்த வரிசை முழுவதுமே உலோக வரிசையும்கூட.

யூனிகோடு இதைத் தீர்த்து வைக்குமா என்று பார்த்தேன். அதன் அட்டவணையில் 9791 முதல் 9799 வரை கோள்கள் வரிசையாக நிற்கின்றன: ☿ ♀ ♁ ♂ ♃ ♄ ♅ ♆ ♇. புதனுக்கும் பூமிக்கும் நடுவில் இருப்பது வெள்ளி என்பது வரிசையிலேயே தெரிகிறது. ஆனால் அந்த எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் வெள்ளி இல்லை, பெண் சின்னம். பூமிக்கு அடுத்தது செவ்வாய் இல்லை, ஆண் சின்னம். வெள்ளி, செம்பு என்பதெல்லாம் பெயருக்குக் கீழே துணைக் குறிப்பாக வருகின்றன. பெயர் ஒரு முறை வைத்தால் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான கொள்கை. ஆகவே பெயரைப் பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எழுத்தை அடையாளம் காட்ட மட்டும்தான். செடிப் பட்டியலில் உள்ள ♂-க்கு வேறு குறியெண் தேடி அலைவதில் பயனில்லை. எழுத்து அதேதான், வழக்குதான் வேறு.

இதே காரணத்தால் ☿-ஐ ⚥ (9893) ஆக மாற்றும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். ⚥ இருபால் பூவுக்கு இன்று நன்றாகவே பொருந்தும். ஆனால் அச்சில் இருந்தது புதனின் சின்னம், தலையில் பிறையோடு. மூலத்தில் இருந்த எழுத்தை நவீன எழுத்தாக்கினால், அச்சிட்டவர் எந்த வழக்கைப் பின்பற்றினார் என்ற தடயமே போய்விடும்.

வடிவம் ஒத்துப்போகும் எழுத்துகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ⚲ (9906) பால் இல்லாததைக் குறிப்பது. ♀-இன் குறுக்குக்கோடு மங்கிப்போனால் அப்படியே இதுபோலத்தான் தெரியும். ♁ தலைகீழான ♀ மாதிரி இருக்கும். பூமி, இரசவாதத்தில் ஆன்டிமனி. ⚨ (9896) அம்பு நேராக மேலே நிற்கும், நடுவில் ஒரு கோடு, இரும்பு. ஸ்கேனில் மசி பரவியிருந்த இடங்களில் பெரிதாக்கிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யவில்லை.

கடைசியில் அட்டவணையை இப்படி அமைத்தேன். மூலத்தில் இருந்த எழுத்து ஒரு நெடுவரிசையில், தொடாமல். அடுத்ததில் வழக்கு: எறும்பு, செடி ஆயுள், பூவின் பால். அதற்கடுத்ததில் அந்த வழக்கின்படி பொருள், தமிழ்ச் சொல்லாக. நான்காவதில் அந்தப் பொருளுக்கு எப்படி வந்தோம்: அச்சில் விளக்கம் இருந்ததா, கூட்டல் சரிபார்த்ததா, ஊகமா. வழக்கு என்ற நெடுவரிசை காலியாக இருந்தால் பொருளை நிரப்பவே நிரல் விடாது. இந்த ஒரு கட்டுப்பாடு வந்த பிறகுதான் “ஆண்” பூக்கள் மறைந்தன.

கைபேசிக் குறிப்புகள்

புதிய தரவுதானே, சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ♀-ஐத் தேடினால் பெண் எறும்புகளோடு மாதிரி எடுத்தவர்களும் சேர்ந்து வந்தார்கள். கையை உயர்த்தும் பெண்ணின் படத்தை, “இது நான் எடுத்தது” என்ற பொருளில் சிலர் குறிப்பின் முடிவில் போட்டிருந்தார்கள். திரையில் அது ஒரே படம்: 🙋‍♀️. உள்ளே நான்கு குறியெண்கள்: கையை உயர்த்தும் ஆள் 128587, இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டும் இணைப்பான் 8205, ♀ 9792, படமாகக் காட்டு என்று சொல்லும் 65039. 2016-இல் இமோஜிகளுக்கு ஆண், பெண் வடிவங்கள் தர இந்தப் பழைய கோள் சின்னங்களையே ஒட்டுப்பகுதியாக எடுத்துக்கொண்டார்கள். 2020-இல் ⚧ (9895) கூட இப்படிச் சேர்ந்தது. திருநர் கொடி என்பது வெள்ளைக் கொடியும் இந்தச் சின்னமும் இணைப்பானால் ஒட்டியது.

விதி எளிது: முன்னால் 8205 இருந்தால் அந்த ♀, ♂ மாதிரியின் பால் இல்லை. ஆனால் இந்த விதி வேலை செய்ய 8205 உயிரோடு இருக்க வேண்டும். தமிழ் உரையைச் சுத்தம் செய்யும் நிரல்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத 8204 (எழுத்துகளை இணையவிடாத குறி), 8205 இரண்டையும் நீக்கிவிடும். தட்டச்சுக் கருவிகள் தேவையில்லாமல் நுழைத்துத் தேடலைக் கெடுப்பதால் அப்படி நீக்குவது நமக்கு வழக்கமாகிவிட்டது. இங்கே நீக்கினால் படம் பிளந்து, கையை உயர்த்தும் ஒரு பொது ஆளும் பக்கத்தில் அனாதையாக ஒரு ♀-உம் நிற்கும். அந்த ♀ அடுத்த கட்டத்தில் ஓர் இராணி எறும்பாகப் பதிவாகும். ஆகவே முதலில் இமோஜித் தொடர்களை முழுதாகப் பிடித்து ஒதுக்கிவிட்டு, பிறகுதான் தமிழ்ச் சுத்தம்.

“எழுத்து, எண், நிறுத்தக்குறி தவிர எல்லாவற்றையும் நீக்கு” என்ற வகைச் சுத்தமும் இங்கே ஆகாது. ♀, ♂, ☿ எல்லாமே “பிற சின்னம்” என்ற பொதுவகையில் வருகின்றன. பெரும்பாலான இமோஜிகளும் அதே வகைதான். இமோஜியை நீக்கப் போய் பால் நெடுவரிசையையே துடைத்துவிடலாம்.

வேறு சிலர் 🚺 (128698), 🚹 (128697) இரண்டையும் போட்டிருந்தார்கள். இவை கழிப்பறைக் கதவில் இருக்கும் மனித உருவங்கள். எறும்புக்கு இவை வழக்கமில்லைதான், ஆனாலும் அனுப்பியவர் என்ன சொல்ல வந்தார் என்பது அந்தக் குறிப்பின் மற்ற வரிகளிலிருந்து தெளிவாகவே தெரிந்தது. மூல எழுத்தை அப்படியே வைத்து, வழக்கு நெடுவரிசையில் “களக் குறிப்பு” என்று போட்டுப் பொருளை எழுதினேன். 🚺 என்பது இராணியா வேலைக்காரியா என்று தெளிவில்லாத இடங்களில் அனுப்பியவரிடமே கேட்டேன்; வேலைக்கார எறும்பும் பெண்தான் என்பதால் ஊகிக்க வழியில்லை.

காட்சியும் தேடலும்

அட்டவணையைக் கைபேசியில் திறந்தபோது ♀, ♂ வண்ணப் பெட்டியாகவும் ☿, ♃ மெல்லிய கோட்டு வடிவமாகவும் தெரிந்தன. ♀, ♂ இரண்டும் இமோஜி ஆகிவிட்டன. ☿, ♃ ஆகவில்லை. தரநிலைப்படி ♀-இன் இயல்பு வடிவம் உரைதான். இருந்தாலும் சில கருவிகள் வண்ணப் படத்தையே எடுக்கின்றன. காட்சிக்கு அனுப்பும் இடத்தில் மட்டும் ஒவ்வொன்றின் பின்னும் 65038 சேர்த்தேன். “உரையாகக் காட்டு” என்பதன் குறி அது. நான்கு சின்னமும் இருக்கிற ஒரே எழுத்துருவையும் அந்த நெடுவரிசைக்கு ஒதுக்கினேன். இப்போது ஒரே தடிமனில் தெரிகின்றன.

இந்த 65038, 65039 இரண்டும் சேமிப்பில் நுழைந்தால் தேடல் கெடும். ♀-உம் அதன் பின்னால் 65039 ஒட்டிய ♀-உம் கணினிக்கு வெவ்வேறு சரங்கள். யூனிகோடின் இயல்பாக்க வடிவங்கள் (ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியதை ஒன்றாக்கும் முறைகள்) எதுவும் இவற்றை நீக்குவதில்லை, கைமுறையாகத்தான் நீக்க வேண்டும். தேடலுக்கான நகலில் மட்டும் நீக்கினேன். மூல எழுத்து நெடுவரிசையில் வந்தது வந்தபடியே இருக்கிறது.

மீதி இருப்பது ⚲-ஆ ♀-ஆ என்று ஸ்கேனில் பிரிக்க முடியாத சில எறும்பு வரிகள். அவற்றில் கூட்டல் சோதனையும் உதவாது, எண்ணிக்கை எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான். வழக்கு “எறும்பு” என்றும் பொருள் காலியாகவும் விட்டிருக்கிறேன். அதே பக்கங்களின் மூலத்தாளை அதிகத் தெளிவில் மீண்டும் ஸ்கேன் செய்யக் கேட்டிருக்கிறேன். வந்ததும் அந்த வரிகளை மட்டும் திறந்து நிரப்ப வேண்டும்.